லெவல் டியூப்பில் ஒரு நீரேற்றும் திருகு

சுழற்றினால் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றும் இந்தத் திருகுக்கு ஆர்க்கிமிடீஸ் திருகு என்றுதான் பேர். ஆனால் அதன் செய்முறையை அளவோடு எழுதிவைத்த ரோமக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் அந்த இடத்தில் ஆர்க்கிமிடீஸின் பேரையே எடுக்கவில்லை. மரத்தண்டில் மெல்லிய சிம்புகளைத் தாரில் தோய்த்துச் சுற்றி ஒட்டச் சொல்கிறார். இங்கே தண்டுக்கு பிவிசி பைப், சிம்புக்கு மேசன்மார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப். மட்டக்களப்பில் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும்.

தேவை: வெளிவிட்டம் 50 மி.மீ. பைப் 80 செ.மீ., உள்விட்டம் 10 மி.மீ. டியூப் 2 மீற்றர், எண்ட் கேப் இரண்டு, கைபிடிக்கு 6 மி.மீ. கம்பி, கட்டுவதற்குத் தங்கூசி (நைலோன் இழை). 6 மி.மீ. டியூப் மலிவுதான், வாங்க வேண்டாம். அதில் ஏறும் நீர் மிகக் குறைவு.

பைப்பின் நீளவாக்கில் சம இடைவெளியில் நான்கு கோடு. அடுத்தடுத்த கோட்டில் 2 செ.மீ. ஏற்றி ஏற்றிப் புள்ளி வைத்தால் ஒரு சுற்றுக்கு 8 செ.மீ. வரும். எட்டுச் சுற்றுக்கு 64 செ.மீ. பைப்பும் ஏறத்தாழ 1.7 மீற்றர் டியூப்பும் போகும். டியூப்பைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கிய பிறகே சுற்ற வேண்டும்; இல்லாவிட்டால் மடிந்து வாய் அடைபடும். தங்கூசியை அசையாத அளவுக்குக் கட்டினால் போதும், இறுக்கினால் டியூப் நசுங்கும்.

சரிவில்தான் எல்லாம் இருக்கிறது. 30, 40, 50 செ.மீ. சட்டங்களில் ஒரு முக்கோணம் அடித்து, 40 செ.மீ. பக்கத்தைத் தரையில் வைத்து, 50 செ.மீ. பக்கத்தில் பைப்பைச் சாய்த்தால் 37 பாகை. விட்ருவியஸ் சொன்னதும் இந்த 3-4-5 தான். அந்தச் சரிவில் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு வரை தண்ணீர் தங்கும். 60 பாகையில் பாதிகூடத் தங்காது. 68ஐத் தாண்டினால் தேங்க ஒரு பள்ளமே இல்லை, எவ்வளவு சுழற்றினாலும் சொட்டும் மேலே வராது.

அடுத்தது வாய். கீழ்வாய் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கினால் காற்றுப் புகாது. உள்ளே ஒரே தொடராக நீர் நின்று பின்னுக்கே இறங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வாய் பாதி நேரம் வெளியே வர வேண்டும். அது தண்ணீரை அள்ளப் போகிற பக்கமாகவே கைபிடியைச் சுழற்ற வேண்டும். வாளியில் நீலம் ஒரு சொட்டு விட்டால், துண்டு துண்டாக நீலமும் இடையிடையே காற்றுமாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஏற்றம் ஏறத்தாழ 30 செ.மீ.

கீழ் முனையில் பைப் சுழல்வதற்கான அச்சுக்கு ஆணி வேண்டாம். வாவித் தண்ணீரில் ஓட்டிவிட்டு வைத்தால் உவர் பிடித்துத் துரு ஏறி இறுகிவிடும். பித்தளை ஸ்குரூ துருப் பிடிக்காது, அதையே போடலாம்.

நீர் கூடுதலாக வேண்டுமென்றால் அதே பைப்பில் 2 செ.மீ. தள்ளித் தள்ளி நாலு டியூப் வரை சுற்றலாம். விட்ருவியஸ் ஒரே தண்டில் சுற்றச் சொன்ன எட்டுச் சுருள்களுக்கு இந்த 8 செ.மீ. இடைவெளி காணாது.