கடைசியில் யாராவது நன்றாக இருக்கிறார்களா?

"இதுல யாராவது கடைசியில நல்லா இருக்காங்களா மேடம்?"

மூன்று புத்தகங்களையும் எங்கள் நூலகக் கவுண்டரில் திருப்பி வைத்துவிட்டு அந்தப் பையன் கேட்டான். "அந்தக் காலம் அப்படி, தம்பி" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். நடந்தது இவ்வளவுதான். சண்டையில்லை, புகாரில்லை, பக்கத்தில் நின்றவர்கள்கூட கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பதிலை நான் இன்னும் மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு அவன் வந்து, "தன்பாலீர்ப்பு பத்தி வரலாறும் வேணும், கதையும் வேணும்" என்று சாதாரணக் குரலில்தான் கேட்டான். குரலைத் தாழ்த்தியது நான். எங்கள் கணினிப் பட்டியலில் அந்தச் சொல்லைப் போட்டால் ஒன்றுமே வராது, 'ஓரினச்சேர்க்கை' என்று போட்டால்தான் வரும். அதை அவன் எதிரில் தட்டச்சு செய்யக் கூச்சமாக இருந்ததால், திரையை லேசாக என் பக்கம் திருப்பிக்கொண்டேன். புத்தகங்களைப் பதிவு செய்து கொடுக்கும்போது மேல் புத்தகத்தின் அட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்தும் வைத்தேன். வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் பட்டு அவனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான். அவன் ஒன்றும் சொல்லாமல் அதை நிமிர்த்தி, மூன்றின் விளிம்பையும் தட்டி ஒழுங்காக்கி, அப்படியே கையில் ஏந்திக்கொண்டு போனான்.

நான் கொடுத்தவை மோசமான புத்தகங்கள் அல்ல. வரலாற்றுக்கு 'தி மென் வித் தி பிங்க் டிரையாங்கிள்'. தன்பாலீர்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டு, நாஜி முகாமில் அப்படிப்பட்ட கைதிகளுக்கான அடையாளமான இளஞ்சிவப்பு முக்கோணத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு பல வருடம் பிழைத்துக் கிடந்த ஒருவரின் வாக்குமூலம். 1972-இல் வெளிவந்தது. 1945-இல் முகாம்கள் விடுவிக்கப்பட்ட பிறகும் இப்படிப்பட்டவர்களுக்கு விடிவு வரவில்லை. ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய ஜெர்மனியின் 175-ஆம் சட்டப்பிரிவை நாஜிகள் 1935-இல் கடுமையாக்கினார்கள்; அதை மேற்கு ஜெர்மனி 1969 வரை அப்படியே வைத்திருந்தது, முழுதாக நீங்க 1994 ஆயிற்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தின் வரலாற்றைப் படித்தேன் என்று ஒருவர் சொல்ல முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன். நாவலுக்கு ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவனிஸ் ரூம்' (1956), ராட்கிளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' (1928). முன்னதில் ஜியோவனி கில்லட்டினுக்கு, தலையை வெட்டும் அந்த இயந்திரத்துக்குப் போகிறான். பின்னதில் நாயகி, தான் காதலித்தவளை வேண்டுமென்றே ஒரு ஆணிடம் தள்ளிவிட்டுத் தனியாக நிற்கிறாள்.

முகாம், கில்லட்டின், தனிமை. ஒவ்வொன்றாக எடுத்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. மூன்றும் ஒன்றாகத் திரும்பி வந்தபோதுதான் உறைத்தது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. ஆங்கில எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்' அன்றைக்கு அலமாரியில் இருந்தது. எடுத்தேன், திரும்ப வைத்தேன். இரண்டு ஆண்களும் கடைசியில் சேர்ந்து வாழப் போகும் நாவல் அது. முடிவு நம்பும்படி இல்லை, இலக்கியமாக மற்ற இரண்டுக்கும் ஒரு படி கீழேதான் என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் அதை 1913-14-இல் எழுதி, திருத்தித் திருத்தி, நண்பர்களுக்கு மட்டும் படிக்கக் கொடுத்து, வெளியிடாமலே வைத்திருந்தார். அவர் 1970-இல் இறந்த பிறகு, 1971-இல்தான் அச்சேறியது. பின்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார்: மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் எழுதினேன், கதை தூக்குக் கயிற்றில் முடிந்திருந்தால் வெளியிடுவதில் சிக்கல் இருந்திருக்காது. இதைப் பல வருடம் முன்பே படித்திருக்கிறேன். படித்துவிட்டும் அன்றைக்கு நான் கொடுத்தது தூக்குக் கயிற்றுக் கதைகளைத்தான். நல்லபடியாக முடிந்ததைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஆனால் இந்தக் கணக்கும் அவ்வளவு நேராக இல்லை. துயரமாக முடிந்தால் விட்டுவிடுவார்கள் என்றால் ஹாலின் நாவலை ஏன் விடவில்லை? அதில் ஆபாசம் என்று சொல்ல ஒரு வரிகூடக் கிடையாது, அவ்வளவு துக்கமான முடிவு வேறு. ஆனாலும் 1928-லேயே லண்டன் நீதிமன்றம் பிரதிகளை அழிக்கச் சொன்னது. அந்தப் புத்தகம் எத்தனையோ பேருக்கு 'உன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள்' என்று சொன்ன முதல் புத்தகமாகவும் இருந்திருக்கிறது. துயரத்தைக் கொடுத்தது தப்பு என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. துயரத்தை மட்டுமே கொடுத்தேன் என்பதுதான் தொண்டையை அடைக்கிறது.

எந்த மாதிரிக் கதை வேண்டும் என்று அவனிடம் நான் கேட்டிருக்கலாம். துப்பறியும் நாவல் கேட்டு வருகிறவரிடம் நாலு கேள்வி கேட்காமல் நான் அலமாரிப் பக்கம் போவதே கிடையாது. இவனிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. யாருக்காக, எதற்காக என்று துருவக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், அதைத்தான் கடைப்பிடித்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "காதல் கதையா, கனமா எதாவதா?" என்று கேட்பது துருவுவது இல்லையே. கேட்டால் அவன் தன்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவானோ, அதற்கு என்ன முகம் காட்டுவது என்ற பயம் எனக்கு இருந்திருக்கிறது. பார்பரா கிட்டிங்ஸ் என்ற அமெரிக்கப் பெண் இளம் வயதில் தன்னைத் தேடி நூலகம் நூலகமாக அலைந்தபோது, பிறழ்வு, மனநோய் என்ற தலைப்புகளில்தான் தன்னைக் கண்டார். பின்னால் நூலகரல்லாத அவரே அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் போய், இப்படிப்பட்ட வாசகர்களுக்கான நூல்பட்டியல்களைத் தயாரிக்கும் குழுவை 1971 முதல் பதினைந்து வருடம் நடத்தினார். இன்று, நூலகங்கள் புத்தகங்களை எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்பில் இந்தப் புத்தகங்கள் மனநோய்ப் பக்கம் இல்லை, 306.76-இல், சமூகவியலில் நிற்கின்றன. எண் மாறிவிட்டது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்த கை என்னுடையது.

அவன் போன சில மாதம் கழித்து, முகாம் புத்தகத்தின் மனிதரைப் பற்றி வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. புத்தகத்தில் அவருக்குப் பெயர் இல்லை. உண்மைப் பெயர் யோசெஃப் கோஹூட், வியன்னாக்காரர். போருக்குப் பிறகு ஒரு துணை கிடைத்து, 1994-இல் இறக்கும்வரை பல பத்தாண்டுகள் அவரோடு வாழ்ந்திருக்கிறார். முகாமில் அணிந்திருந்த அந்த முக்கோணத் துணி இன்று வாஷிங்டனில், நாஜி இனப்படுகொலையின் நினைவான ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். 'யாராவது நல்லா இருக்காங்களா' என்ற கேள்விக்கு அவன் கையில் கொடுத்த புத்தகத்திலேயே பதில் இருந்திருக்கிறது, கடைசிப் பக்கத்துக்கு அப்புறம்.

அவனுடைய முகவரி எங்கள் பதிவில் இருக்கும். எடுத்துப் பார்க்கக்கூடாது, பார்க்கவில்லை. சில நாள் கை அந்தப் பக்கம் போயிருக்கிறது.

போன மாதம் ஒரு பெண் அதே மாதிரி வந்து கேட்டாள். இந்த முறை குரலைத் தாழ்த்தாமல், முதலில் 'மாரிஸ்' எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று கொஞ்சம் புரட்டிவிட்டு, "இது இனிப்பா இருக்கும் போல. நிஜமா நடந்தது எதாவது இருக்கா?" என்றாள். முகாம் புத்தகத்தை எடுத்துவந்து, அட்டை மேலே தெரியும்படி வைத்தேன்.

"இவர் அப்புறம்..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்க மேடம், நானே படிச்சுக்கறேன்" என்றாள்.