மயான காண்டம், இரண்டாம் பாகம்

சேக்ஸ்பியரின் ‘ஹம்லெட்’ முடிகிறபோது அரசன், அரசி, ஹம்லெட், லேர்ட்டஸ் என நால்வர் மேடையிலேயே பிணமாகக் கிடப்பார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று குத்துப்பட்ட பொலோனியஸும் நீரில் மூழ்கிய ஒபீலியாவும் அதற்கு முன்னரே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட நாடகத்துக்கு இரண்டாம் பாகம் எழுதப்போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், யாரை வைத்து எழுதப்போகிறீர் என்றுதான் எவரும் கேட்பார்கள். 2008இல் வெளிவந்த ‘ஹம்லெட் 2’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தில் வரும் நாடக ஆசிரியரிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கிறது: கால இயந்திரம். ஹம்லெட் அதில் ஏறிப் பின்னோக்கிப் போய்ச் செத்தவர்களையெல்லாம் காப்பாற்றிவிடுவான். போகிற வழியில் இயேசு நாதரையும் சந்திப்பான்.

இந்தப் படத்தை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் என் மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஆங்கிலப் படமென்றாலும் நாடகம் பற்றிய படந்தானே, பாடத்துக்கு உதவும் என்று நான்தான் போட்டுவிட்டேன். பாடத்துக்கு அது உதவவில்லை. முதல் அரை மணித்தியாலத்திலேயே அக்கா குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பாளோ என்ற பயத்தில் சத்தத்தைக் குறைக்கவேண்டியதாயிற்று.

டேனா மார்ஷ்ஸ் என்ற அந்த ஆசிரியர் தோற்றுப்போன நடிகர். அரிசோனா மாநிலத்தின் டூசன் நகரத்தில், ஓடி வெற்றிபெற்ற சினிமாப் படங்களை அப்படியே மேடை நாடகமாக்கி உயர்நிலைப் பள்ளி மாணவரைக்கொண்டு நடிப்பித்து வருகிறார். பள்ளிப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதும் ஒரு சின்னப் பெடியன் ஒவ்வொரு தடவையும் அவரைக் கிழித்துத் தொங்கவிடுகிறான். அவரோ அவனைத் தேடிப்போய் ஆலோசனை கேட்கிறார். வீட்டில் பணமுமில்லை, பிள்ளையுமில்லை. மனைவிக்கும் இவர்மீது பெரிய நம்பிக்கை கிடையாது. பள்ளி நிர்வாகம் நாடகப் பிரிவையே மூடப்போகிறது என்று தெரிந்த பிறகுதான், வாழ்க்கையில் முதன்முறையாகச் சொந்தமாக ஒன்று எழுதுவோம் என்று குந்துகிறார். ஸ்டீவ் கூகன் என்ற ஆங்கிலேய நடிகர் இந்தப் பாத்திரத்தை, வெட்கம் என்ற ஒன்றை முற்றாகக் கழற்றி வைத்துவிட்டு நடித்திருக்கிறார். சில இடங்களில் அது மிகையாகி, பார்ப்பவருக்கே உடம்பு கூசுகிறது. எலிசபெத் சூ என்ற நடிகை, நடிப்பை விட்டுத் தாதியாகிவிட்ட எலிசபெத் சூவாகவே வருவது படத்தின் மிக நல்ல பகிடிகளில் ஒன்று. பிள்ளைப்பேறு பற்றிய பகிடிகளில் பாதியை வெட்டியிருந்தாலும் படத்துக்கு ஒரு குறையும் வந்திராது.

இயக்குநர் அண்ட்ரூ பிளெமிங், பாம் பிராடியுடன் சேர்ந்து திரைக்கதையை எழுதியிருக்கிறார். 2008 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் இதைப் பார்த்த விநியோக நிறுவனமொன்று ஏறத்தாழ 10 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது. திரையரங்குகளில் அந்தப் பணம் திரும்பி வரவில்லை. நையாண்டிப் படமொன்றுக்கு இது புதுமையான விதியுமல்ல.

படத்தில் ஊர் கொதித்தெழுவதற்குக் காரணம், மேடையில் இயேசு ஒரு ரொக் பாடகரைப் போல வந்து ஆடுவதும், அவரைச் சுற்றி மாணவர்கள் பாடும் கூத்தும்தான். அந்த இயேசுவாக நடிப்பவரும் ஆசிரியரேதான். தவக்காலம் வந்தால் திருப்பாடுகளின் நாடகம் பார்க்கப் போகிற ஊரில் வளர்ந்தவன் நான். மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் ஆற்றுகைகளைச் சைவர்களாகிய நாங்களும் வரிசையில் நின்று பார்த்திருக்கிறோம். சிலுவை தூக்கும் காட்சியில் எனக்குப் பக்கத்திலிருந்த ஆச்சி ஒருவர் திருநீற்று நெற்றியோடு விம்மி அழுததும் நினைவிருக்கிறது. ஆகவே அந்தப் பாட்டுக் காட்சி வந்தபோது எனக்கும் ஒரு கணம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் பாட்டு முடிந்த பிறகு நடப்பதுதான் விசயம். அந்த ஆசிரியருக்குத் தகப்பனோடு ஆறாத மனத்தாங்கல் ஒன்று இருக்கிறது. பழிவாங்கச் சொல்லிவிட்டுப் போன ஆவித் தகப்பனை ஹம்லெட் மன்னிக்கிறான். தன்னைச் சிலுவையில் விட்ட பிதாவை இயேசுவும் மன்னிக்கிறார். இவ்வளவு ஆபாசமும் கூச்சலும் ஒரு மகன் தகப்பனைப் பார்த்து, “உங்களை மன்னிச்சிட்டன்” என்று சொல்வதற்கான சுற்றுவழி என்று விளங்கியபோது, எனக்கு டூசன் மறைந்து 2003ஆம் ஆண்டின் எங்கள் பள்ளிக்கூட மண்டபம் வந்துவிட்டது.

நானும் ஓர் இரண்டாம் பாகத்தில் நடித்தவன். நடிக்க இருந்தவன் என்பதே சரி.

யாழ்ப்பாணத்தில் அரிச்சந்திரன் கதையைப் புராணமாகப் படித்தவர்களைவிட மேடையில் பார்த்தவர்களே அதிகம். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கோயில் வீதியில் விடியவிடிய இருந்து பார்த்த கதையை அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி தூக்கிக்கொண்டு சுடலைக்கு வருவாள். அங்கே காவல் நிற்கும் அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் கேட்பான். அந்த இடத்தில் பாயில் இருந்த பெண்கள் ஒருவரும் கண் துடைக்காமல் இருந்ததில்லையாம். இறுதியில் ஓங்கிய வாள் மாலையாகும், சிவபெருமான் தோன்றுவார், லோகிதாசன் உயிர்பெற்று எழும்புவான், எல்லாம் சுபம்.

எங்கள் நாடக ஆசிரியர் அங்கிருந்துதான் தொடங்கினார். எழும்பிய லோகிதாசன் உடனே வீட்டுக்குப் போகமாட்டான். சுடலையிலேயே குந்தியிருந்து தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்பான் என்று அவர் நாற்பது பக்கக் கொப்பியொன்றில் எழுதிக்கொண்டு வந்தார். “ஐயா, உங்கட சத்தியத்துக்கு நான் ஏன் விலைப்பட்டனான்?” அதற்கு அரிச்சந்திரன் பதில் சொல்லத் திணற, இடையில் ஒரு பபூன் வந்து சினிமாப் பாட்டு மெட்டில் விசுவாமித்திரருக்கு வட்டிக்கணக்குப் பார்ப்பான். அந்தப் பபூன் நான்தான்.

நாடகம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. உண்மையில் அது மிக மோசமான நாடகம். அரிச்சந்திரன் ஒரே வசனத்தை மூன்று தடவை சொல்வான்; சிவபெருமானின் வருகைக்கு அலுமினியத் தாள் ஒட்டிய பிறையும் வாளியில் போட்ட சாம்பிராணியும்தான் ஏற்பாடு; என்னுடைய வட்டிக்கணக்குப் பாட்டில் எதுகையும் இல்லை, கணக்கும் சரியில்லை. ஒத்திகை முடிந்து வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது நாங்களே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனாலும் அந்த ஒரு கேள்வி வரும் இடத்தில் மட்டும், ஒத்திகை பார்த்துக்கொண்டு விறாந்தையில் நின்ற கீழ்வகுப்புப் பெடியள்கூடச் சத்தம் போடாமல் நிற்பார்கள்.

இந்த நாட்டில் பொதுமேடைக்கு வரும் நாடகத்தின் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெறும் வழக்கம் 1912ஆம் ஆண்டுச் சட்டமொன்றிலிருந்து வருகிறது. எங்கள் கொப்பி அவ்வளவு தூரம் போகவில்லை. அது எங்கள் பள்ளிப் பிரதி அதிபரின் மேசையைத் தாண்டவே இல்லை. பரிசளிப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் அது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அந்தக் கொப்பியை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். முழுப் பக்கத்தையும் குறுக்காக வெட்டியிருக்கவில்லை. அடிமட்டம் வைத்து ஒவ்வொரு வரியாக, எழுத்து உள்ளே தெரியாதபடி மிகப் பொறுமையாகக் கோடிழுக்கப்பட்டிருந்தது. லோகிதாசனின் கேள்விக்கு மேல் மட்டும் இரண்டு கோடுகள் இருந்தன. ஓரத்தில், “தாய் தந்தையரை அவமதிக்கிறது” என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. பபூன் வரும் காட்சி, காரணம் எதுவும் சொல்லப்படாமல் போயிருந்தது.

“உதை விடுங்கோ சேர். நல்ல கதைதானே, இருக்கிறபடி போடுங்கோவன்” என்று பிரதி அதிபர் எங்கள் ஆசிரியரிடம் சொன்னதை வகுப்பு வாசலில் நின்று கேட்டேன். ஆசிரியர் ஒன்றும் மறுத்துக் கதைக்கவில்லை. அப்போது எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அது போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்து, தென்னிலங்கையிலிருந்து பேருந்துகள் வந்து கொண்டிருந்தன. நான் உலகமே திறந்துவிட்டதென்று நினைத்திருந்த பதினைந்து வயதுப் பெடியன். பெரியவர்களின் சத்தியத்துக்காகத் தான் ஏன் விலைப்பட வேண்டும் என்று ஒரு பிள்ளை மேடையில் நின்று கேட்டால், அந்த மண்டபத்தில் இருக்கும் எந்தத் தாய்க்கு, எந்தத் தகப்பனுக்கு, வேறு எவருக்கு அது எப்படிக் கேட்கும் என்பதை அளந்து பார்க்கும் வயது எனக்கு இருக்கவில்லை. அந்த இருவருக்கும் இருந்தது. ஓரத்தில் எழுதப்பட்டிருந்த காரணம் உண்மையான காரணந்தானா என்று பின்னாளில் பல தடவை யோசித்திருக்கிறேன்.

விழாவன்று பழைய மயான காண்டம் மட்டும் மேடையேறியது. வேலையற்றுப்போன பபூனைத் திரைச்சீலைக் கயிற்றில் விட்டார்கள். சிவபெருமான் தோன்றும் கட்டம்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஆனால் லோகிதாசன் எழும்பும் இடம், வெட்டுப்பட்ட பகுதிக்குள்தான் எழுதப்பட்டிருந்தது என்பதை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. எழும்பு என்று அவனுக்கு எவரும் சொல்லவுமில்லை. சிவபெருமான் கையைத் தூக்கியபடி நின்றார், சந்திரமதி பார்த்துக்கொண்டு நின்றாள், பிள்ளை செத்தே கிடந்தான். திரையை மூடுவோம் என்று நான் கயிற்றை இழுத்தேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது. வாளியிலிருந்து சாம்பிராணிப் புகை கிளம்பிக் கிளம்பி மேடையை மூட, பிணம் மூன்று தடவை அடுத்தடுத்துத் தும்மியது. முன்வரிசைக் கதிரையில் இருந்த பிரதம விருந்தினர் உட்பட முழு மண்டபமும் சிரித்தது. பபூனை வெட்டிய நாடகத்தில், ஊர் பார்த்த ஒரே பகிடி அதுதான்.

‘ஹம்லெட் 2’ படத்தில் பள்ளி நிர்வாகம் தடுத்த பிறகு, மாணவர்களே ஒரு பழைய கட்டடத்தைத் துப்புரவாக்கி அங்கே நாடகத்தைப் போடுகிறார்கள். வாசலில் எதிர்ப்பாளர்களும், உரிமைக்காக வாதாடும் சட்டத்தரணி ஒருவரும் நிற்கிறார்கள். எமி போலர் நடித்த அந்தச் சட்டத்தரணிக்கு நாடகம் நல்லதா கெட்டதா என்பதில் எந்த அக்கறையும் கிடையாது. வழக்கு ஒன்று கிடைத்தால் போதும். ஆசிரியரையும் படம் விட்டுவைக்கவில்லை. மெக்சிக்கோ வழிவந்த மாணவன் ஒருவனை வறிய குடும்பத்து முரட்டுப் பிள்ளை என்று தானாகவே முடிவுகட்டி அவனை மீட்கப் போகிறார் அவர். போய்ப் பார்த்தால் அவன் வசதியான, நன்கு படித்த வீட்டுப் பிள்ளை.

தணிக்கைக்கு எதிராகப் பேசும் படைப்புகளில் வழக்கமாக ஒரு சௌகரியம் இருக்கும். தடைசெய்யப்படும் நாடகம் மகத்தான கலைப்படைப்பாக இருக்கும். தடைசெய்தவர் இரசனை கெட்டவராக இருப்பார். பார்ப்பவருக்கு யார் பக்கம் நிற்பது என்ற சிக்கலே வராது. இந்தப் படம் அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை. அந்த நாடகத்தை நல்லதென்று மனமறிந்து ஒருவராலும் சொல்லமுடியாது. அப்படியிருந்தும் அது மேடையேறத்தான் வேண்டும் என்று நம்மைத் தவிக்கவைத்துவிடுகிறார்கள். என் மனதில் இருபது வருடமாக எங்கள் நாடகம் சிறுகச் சிறுக நல்ல நாடகமாக மாறிக்கொண்டு வந்திருக்கிறது என்பதையும், அதை வெட்டியது அநியாயம் என்று சொல்வதற்கு அது நல்லதாக இருந்தாகவேண்டும் என்று நானே நினைத்துவந்திருக்கிறேன் என்பதையும் இந்தப் படம் பார்த்தபோதுதான் கண்டுகொண்டேன். கடைசியில் அந்த நாடகம் நியூயோர்க்வரை போவதாகக் காட்டியிருப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பழைய கட்டடமே அதற்குப் போதும்.

பாட்டுக் காட்சியின்போது மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். மன்னிப்புக் காட்சி வந்தபோது அவனும் பேசாமல் இருந்தான். படம் முடிந்ததும், கல்வி அமைச்சின் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் வலய மட்டத்தில் இரண்டு தடவை நடித்தவன் என்ற தோரணையோடு என்னைப் பார்த்துக் கேட்டான்.

“மாமா, உந்த நாடகத்தைப் போட்டியில போட்டால் எத்தினை மார்க்ஸ் வரும்?”

ஆறுதல் பரிசுகூடக் கிடையாது, மேடையால் இறக்கிவிடுவார்கள் என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒப்பனைக்கும் இசைக்கும் கொடுத்தாகவேண்டும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். பிறகு குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்து, சத்தத்தை இன்னும் குறைத்து, பாட்டு வருகிற இடத்துக்குப் படத்தைத் திருப்பினான்.