எண்களைக் காதால் அறிதல்

அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவர் மானிட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பல்ஸ் ஆக்சிமீட்டர் எழுப்பும் 'பீப்' ஒலியிலேயே அவருக்கு இரண்டு எண்கள் கிடைத்துவிடுகின்றன: ஒலி வரும் வேகம் நாடித்துடிப்பைச் சொல்கிறது, அதன் சுருதி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது. கைகள் வேறு வேலையில் இருக்கும்போது ஆக்சிஜன் அளவு 98 சதவீதத்திலிருந்து 90-ஐ நோக்கிச் சரிந்தால், சுருதி படிப்படியாக இறங்குவது கேட்டதுமே அவர் நிமிர்ந்துவிடுவார்.

எண்ணை ஒலியாக்கும்போது ஒலியின் எந்தப் பண்பை எதற்குக் கொடுப்பது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அளவைக் காட்டச் சுருதியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. சத்தத்தின் கூடுதல் குறைவை நம்ப முடியாது. ஏசி ஓடினாலோ, கேட்பவர் சற்று விலகி உட்கார்ந்தாலோ அது மாறிப்போகும், மேலும் ஒரே வலிமையுள்ள ஒலிகளில் மிகத் தாழ்ந்த சுருதியில் இருப்பது மெலிந்தே கேட்கும். புல்லாங்குழலின் நாதத்துக்கும் வீணையின் நாதத்துக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும் என்றாலும், எது பெரிது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ஆகவே இரண்டு ஊர்களின் மழையளவை ஒப்பிட வேண்டுமானால், சென்னையின் மழையைக் குழலிலும் மதுரையின் மழையை வீணையிலும் ஒலிக்கவிட்டு, மில்லிமீட்டர் கணக்கைச் சுருதியிடம் ஒப்படைப்பதே முறை.

சுருதியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைச் சொல்லும் அலகு ஹெர்ட்ஸ். 220 ஹெர்ட்ஸிலிருந்து 440-க்கு ஏறுவதும் 440-இலிருந்து 880-க்கு ஏறுவதும் காதுக்கு ஒரே தொலைவு, அதாவது ஒரு ஸ்தாயி. எண் ஏறும்போதெல்லாம் ஹெர்ட்ஸைச் சம அளவில் கூட்டிக்கொண்டே போனால் மேல்பகுதி மாற்றங்கள் சிறுத்துக் கேட்கும். சம விகிதத்தில் உயர்த்தினால்தான் படிகள் சமமாகக் கேட்கும். உயிர் காக்கும் ஆக்சிமீட்டரிலேயே இந்தக் கணக்கு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவது எனக்குக் கவலை தருகிறது. வரைபடத்துக்கு அச்சுக்கோடு போல ஒலிக்கும் ஓர் ஆதாரம் வேண்டும். தம்புரா போல ஒரே சுருதி பின்னணியில் நின்றால்தான், வரும் ஒலி அதற்கு மேலா கீழா என்று கேட்பவர் கணிக்க முடியும்.

போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வாண்டா டியாஸ்-மெர்செட், பார்வையை இழந்த பிறகு விண்வெளித் தரவுகளை ஒலியாக்கித் தம் ஆய்வைத் தொடர்ந்தார். பார்வையுள்ள வானியலாளர்களும் வரைபடத்தோடு ஒலியையும் சேர்த்துக் கேட்டால், இரைச்சலுக்குள் புதைந்துகிடக்கும் சிறு அடையாளங்களை இன்னும் நன்றாகக் கண்டுகொள்கிறார்கள் என்றும் அவர் காட்டினார். 2021-இல் ஐபோனின் ஐஓஎஸ் 15 பதிப்பிலும் வரைபடத்தை ஒலியாகக் கேட்கும் வசதி வந்துவிட்டது. தமிழில் வானிலைத் தளமும் செய்தித் தளமும் நடத்துவோர் தங்கள் வரைபடங்களை வெறும் படமாக ஒட்டாமல், இத்தகைய கருவிகள் படிக்கும் எண்களோடு தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.