லைப்ரேரியனுக்கு ஒரு சின்னம் வரையப் போய்

டொக்டருக்கு பாம்பு சுத்துன தடி இருக்கு, லோயருக்கு தராசு இருக்கு, நமக்கு என்னடா இருக்குன்னு பக்கத்து டவுன் லைப்ரரி அக்கா கேட்டாங்க. ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை பக்கத்து லைப்ரரி ஆளுங்களும் ஸ்கூல் லைப்ரரி பாக்குற டீச்சர்மாரும் சேந்து ஒரு பெட்ஜ் அடிக்கலாம்னு பேச்சு ஓடிக்கிட்டிருந்த நேரம் அது. எனக்கு கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வரைய வரும்ங்கிறதால வேலைய என் தலையில கட்டிட்டாங்க.

தேடிப் பாத்தப்ப லைப்ரரிக்கு சின்னம் ஏற்கனவே இருக்கு. நீலத்துல வெள்ளையா ஒரு ஆளு புத்தகத்தை விரிச்சு வச்சு வாசிக்கிற மாதிரி, அமெரிக்க நூலகச் சங்கம் 1982ல ஏத்துக்கிட்டது, 1985ல அங்க ரோட்டு போர்டுக்கான விதிகள்லயே சேத்துட்டாங்க. ரொம்ப சுத்தமான டிசைன், ஒரு எழுத்து கிடையாது, தமிழ் சிங்களம் இங்கிலிஷ் மூணையும் ஒரே போர்டுல நெருக்கி அடைக்கிற நம்ம நாட்டுக்கு எழுத்தில்லாத சின்னத்தோட அருமை நல்லாவே தெரியும். ஆனா அது கட்டடத்துக்கான அடையாளம், அதுல உக்காந்திருக்கிறது வாசகர். அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து அவர் கையில குடுத்த ஆளு படத்துலயே இல்ல.

குரூப்ல ஐடியா கேட்டா கொட்டுச்சு. விரிச்ச புத்தகம்னாங்க, அது புத்தகக் கடை, டியூஷன் கிளாஸ், பாதி ஸ்கூல் பெட்ஜ் எல்லாத்துலயும் இருக்கு. ஒருத்தர் ஆந்தைன்னாரு, கிரேக்கத்துல அது அறிவுத் தெய்வம் அதீனாவோட பறவை சரிதான், ஆனா இங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுங்க) பின்னால ஆந்தை கத்துனா யாருக்கு என்ன சேதி வரப்போகுதோன்னு பயப்படுற ஜனங்க, அதை சட்டையில குத்திக்கிட்டு நின்னா புத்தகம் எடுக்க எவன் வருவான். கொண்டை போட்ட பொம்பள கண்ணாடி மாட்டிக்கிட்டு உதட்டுல விரல் வச்ச படம் ஒண்ணும் வந்துச்சு, அதுக்கு அந்த அக்கா "வாயப் பொத்துன்னு சொல்லவா எனக்கு சம்பளம் குடுக்குறாங்க"ன்னு ஒரே போடு. உண்மதான், லயத்துல ஒரு அறையில டிவியும் சமையலும் தூக்கமும் நடக்கிற வீட்டுப் பிள்ளைங்க எங்ககிட்ட வர்றதே சேந்து உக்காந்து பேசிப் படிக்கத்தான்.

அப்புறம் தேயிலைக் கொழுந்து. ரெண்டு இலை ஒரு மொட்டு. மலையகத்துல ஒரு லோகோ போடணும்னா கை தன்னால அங்கதான் போகும், ஸேர் ஒருத்தர் அதுல ரொம்பப் பிடிவாதமா நின்னாரு. எனக்கு அது ஒத்துவரல. ஊரச் சொல்ற சின்னம் வேற, தொழிலச் சொல்ற சின்னம் வேற, யாழ்ப்பாணத்துல இருக்கிற லைப்ரேரியனும் மாத்தறையில இருக்கிறவரும் குத்திக்க முடியணும்ல.

பொருள வரைய நினைச்சதாலதான் எல்லாம் இடிக்குது, செய்யிற வேலைய வரையணும்னு எனக்குப் பட்டது. லைப்ரரி டிப்ளோமாவுல படிச்ச ரங்கநாதனோட நூலகத்துக்கான ஐந்து விதி (சீர்காழிக்காரரு, கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல சென்னைப் பல்கலைக்கழக லைப்ரேரியன் ஆனவரு, 1931ல எழுதுனது) அதுல ரெண்டாவதும் மூணாவதும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுனது, ஆனா "மிஸ் அந்த சிவப்பு அட்டை, அதுல ஒரு யானை வருமே"ன்னு ஒரு பொடியன் வந்து நிக்கிறப்ப அலமாரியில இருந்து அந்த ஒண்ண மட்டும் உருவி எடுக்கிறோம் பாருங்க, அந்த விதியே அதுதான். ஆக ஒரு வரிசை புத்தகம், அதுல ஒண்ணு மட்டும் பாதி வெளிய.

இன்க்ஸ்கேப்னு ஒரு வரையிற சொப்ட்வெயர்ல வரைஞ்சேன், அதுக்குக் காசு கட்டத் தேவையில்ல, வெக்டர்ங்கிறதால பெனர் அளவுக்கு இழுத்தாலும் ஓரம் உடையாது. உருவுற கையும் போட்டுப் பாத்தேன், பெருசா பாக்கிறப்ப அழகு, பெட்ஜ் அளவுக்குக் குறைச்சா விரல் எல்லாம் ஒட்டி ஒரு கட்டி. கை போச்சு. புத்தகங்கள உயரம் கூட்டிக் குறைச்சு வச்சா ஏ எல் படிக்கிற பிள்ள ஒண்ணு பாத்துட்டு "வரைபா அக்கா, எந்தப் பாடம்?"னு கேக்குது. எல்லாத்தையும் ஒரே உயரமாக்குனேன், வெளிய வர்ற ஒண்ண மட்டும் சாய்ச்சேன், எண்ணிக்கையையும் குறைச்சேன், அதுக்கப்புறம் யாருகிட்ட காட்டுனாலும் புத்தகம்னுதான் சொன்னாங்க.

ஆனா புத்தகக் கடைக்கும் அதே படம் பொருந்துமே. இங்கதான் ரொம்ப நாள் சிக்கி நின்னேன். கடைசில தீத்து வச்சது லேபல், புத்தகத்தோட முதுகுல அடியில நாங்க ஒட்டுற அந்த எண் சீட்டு. கடைப் புத்தகத்துல அது இருக்காது. சாய்ஞ்ச புத்தகத்துல ஒரு வெள்ளைச் சதுரம் வச்சதும் படம் லைப்ரரிக்கு வந்துருச்சு. அதுல எந்த எண் போடலாம்னு கேட்டேன், எங்க சிங்கள நண்பி ஒருத்தி யோசிக்காம 020ன்னா. புத்தகங்கள பாடவாரியா எண் போட்டுப் பிரிக்கிற டியூயி முறையில நூலகவியலோட எண் அது, அதாவது எங்க தொழிலைப் பத்துன புத்தகங்கள நாங்க அடுக்குற இடம். அதோட இலக்கம் மூணு மொழிக்கும் பொது. தெரிஞ்சவங்களுக்கு ஒரு சிரிப்பு, தெரியாதவங்களுக்கு அது வெறும் லேபல், நட்டம் ஒண்ணும் இல்ல. பெனருக்கு எண்ணோட ஒண்ணு, பெட்ஜுக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் எண் இல்லாம ஒண்ணுன்னு ரெண்டா சேவ் பண்ணி வச்சேன்.

கலர் பத்தி பெரிய சண்டை நடந்துச்சு, அதை விடுங்க. கறுப்பு ஒரே கலர்ல நிக்காத சின்னம் கடுதாசி ஃபோட்டோ கொப்பி அடிச்சா செத்துரும், அதனால கறுப்பு.

கொழுந்து கேட்ட ஸேர் இன்னும் சம்மதிக்கல. தன்னோட ஸ்கூல் பெனர்ல எங்க சின்னத்துக்குப் பக்கத்துல தனியா ரெண்டு இலை ஒரு மொட்டு வரைஞ்சு தொங்க விட்டிருக்காரு, பாத்தா மோசமா இல்ல.