நடபடி புஸ்தகத்தில் ஒரு நிலுவை

பதிவறை எழுத்தராகவே காலம் தள்ளியவன் நான். வேதாகமத்தில் பிடித்த இடம் எது என்று கேட்டால் எஸ்தர் ஆறாம் அதிகாரம் என்பேன். சபையில் எஸ்தர் என்றாலே நாலாம் அதிகாரம்தான். ‘நான் செத்தாலும் சாகிறேன்’ என்று தன் யூத ஜனத்தைக் காப்பாற்ற அழைப்பில்லாமல் ராஜாவிடம் போகத் துணிந்த அந்த ராணியின் தைரியம் பிரசங்கத்துக்குத் தோதானது. ஆறாம் அதிகாரத்தில் நடப்பதெல்லாம் ஆபீஸ் விவகாரம்.

பாரசீக ராஜா அகாஸ்வேருவுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நடபடி புஸ்தகத்தை, அதாவது அரண்மனைப் பதிவேட்டைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறான். (தூக்கம் வர இதைவிட நல்ல மருந்து இல்லை என்பது பதிவேடு பார்ப்பவர்களுக்குத் தெரியும்.) வாசல் காத்த இரண்டு பேர் அவனைக் கொல்லத் திட்டமிட்டதும், எஸ்தரை வளர்த்த மொர்தெகாய் அதைக் காட்டிக்கொடுத்ததும் அதில் இருக்கிறது. இதற்காக அவனுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறான். ஒன்றும் செய்யவில்லை என்கிறார்கள்.

எஸ்தர் ராணியானது ராஜாவின் 7ஆம் வருஷம், ராஜாவின் முதன்மை மந்திரி ஆமான் யூதரை அழிக்க நாள் குறிக்கச் சீட்டுப் போட்டது 12ஆம் வருஷம். நாலைந்து வருஷமாவது அந்த விஷயம் கிடப்பில் கிடந்திருக்க வேண்டும். உபகாரம் செய்தவர்களின் பெயரைப் பாரசீக ராஜாக்கள் எழுதி வைப்பார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் சொல்கிறார். ஆக, எழுதியவன் தன் வேலையைச் செய்திருக்கிறான், மேல்நடவடிக்கைதான் இல்லை. அன்றே ஒரு பொன்சங்கிலியைப் போட்டு அனுப்பியிருந்தால் கணக்கு முடிந்திருக்கும். மொர்தெகாயை 50 முழ மரத்தில் தூக்கிலிட அனுமதி கேட்டு ஆமான் முற்றத்தில் வந்து நிற்கிற நேரத்தில், மொர்தெகாயைக் கௌரவிக்க ராஜாவுக்குக் காரணம் இருந்திருக்காது.

எஸ்தர் புத்தகத்தின் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வராது. பிறகு கிரேக்க மொழிபெயர்ப்பில் ஜெபங்களையும் கடவுளையும் சேர்த்தார்கள். கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

எங்கள் ஆபீஸில் டி.டிஸ் என்றால் பத்து வருஷம் வைத்திருந்து அழிக்க வேண்டிய கோப்பு. ஒரு தலையாரியின் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். கணவரின் முதல் நியமன உத்தரவு எங்குமே இல்லை. கடைசியில் கெடு தாண்டிய ஒரு டி.டிஸ் கட்டில் கிடைத்தது. விளிம்பைக் கரையான் அரித்திருந்தது. கையெழுத்தும் தேதியும் தப்பியிருந்தன. தலையாரி மேல் யாரோ போட்ட மொட்டைப் பெட்டிஷனை விசாரித்த கோப்பு அது. அவரைக் கவிழ்க்க நினைத்தவன் புண்ணியத்தில் உத்தரவின் நகல் அதில் இணைந்திருந்தது. அழிப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போனதால் கட்டு அப்படியே கிடந்திருக்கிறது. ‘கர்த்தர் செயல்’ என்றார் அந்தம்மா. ‘ஆள் பற்றாக்குறை’ என்றார் சூப்பிரண்டு. எஸ்தரைப் படித்தவனுக்கு இரண்டும் ஒத்துவராத பதில்களாகத் தெரியாது. ஆனால் கிடப்பில் கிடக்கிற எல்லாவற்றுக்கும் தெய்வத்தைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. அந்த அறையில் கரையான் முழுசாகத் தின்ற கட்டுகளும் இருந்தன.

ராஜ முத்திரை விழுந்த உத்தரவை ராஜாவே ரத்து செய்ய முடியாது என்பது அங்கே சட்டம். அதனால் ஆமான் அதே மரத்தில் தூக்கில் செத்த பிறகும், யூதரைக் கொல்லச் சொல்லி ராஜ முத்திரையோடு அவன் அனுப்பிய கடிதம் உயிரோடு இருந்தது. முதல் மாதம் 13ஆம் தேதி எழுதியது அது. மூன்றாம் மாதம் 23ஆம் தேதி இன்னொரு உத்தரவு 127 நாடுகளுக்கும் குதிரைத் தபாலில் போகிறது: யூதர்கள் ஒன்றுகூடி எதிர்த்து நிற்கலாம். முடிவில் எதிராளிகளில் 75,000 பேர் செத்ததாகக் கணக்கு. அந்த எண்ணைப் பிரசங்கத்தில் யாரும் தொடுவதில்லை.

யூதர் பிழைத்ததற்கு ராஜாவின் தூங்காத ராத்திரியைக் காரணம் காட்டுகிறவர்கள் இன்னொரு கோப்பையும் பார்க்க வேண்டும். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினில் வான்சே ஏரிக்கரை மாளிகை ஒன்றில், ஐரோப்பாவின் யூதர்களை ஒழிப்பது பற்றிப் பேச 15 நாஜி அதிகாரிகள் கூடினார்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு முறையாக எழுதப்பட்டு 30 பிரதிகள் போனது. நாடுவாரியாக யூதர்களின் எண்ணிக்கை, கீழே கூட்டுத்தொகை: 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். அந்தக் குறிப்பு எந்த ராஜாவையும் தூங்கவிடாமல் செய்யவில்லை. 16ஆம் எண்ணிட்ட ஒரே ஒரு பிரதி 1947இல் ஜெர்மன் வெளியுறவுத் துறைக் கோப்புகளில் அகப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய 60 லட்சம் யூதர்கள் செத்துப் போயிருந்தார்கள்.