செபுல்தூராவின் 'ரூட்ஸ்': தாளத்துக்காகக் கேளுங்கள்

மெட்டல் என்ற கனத்த ராக் இசை என்றாலே இரைச்சல் என்று சொல்பவர்கள் ஒரு தடவையாவது 1996-இல் வந்த 'ரூட்ஸ்' ஆல்பத்தை நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம். 1984-இல் பிரேசிலின் பெலோ ஒரிசோன்டேயில் மாக்ஸ், இகோர் கவலேரா சகோதரர்கள் தொடங்கிய குழு செபுல்தூரா. ஆரம்பத்தில் வேகம், வேகம், வேறெதுவும் கிடையாது. 'ரூட்ஸ்' வரும்போது வேகம் தணிந்து, கிட்டாரின் சுருதியை நன்றாகக் கீழே இறக்கி, தாளத்துக்கு இடம் விட்டுவிட்டார்கள். இகோரின் டிரம்ஸுக்கு நடுவே பிரேசிலின் பாஹியா மாநிலத்துக்காரர் கார்லின்யோஸ் பிரவுனின் தாள வாத்தியங்கள் வந்து விழுவதைக் கேட்டால் உட்கார்ந்திருக்க முடியாது. ஒற்றைக் கம்பி கட்டிய வில் வாத்தியமான பெரிம்பாவும் உண்டு.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இந்த ஆல்பத்தில் உள்ள 'இட்சாரி' என்ற பாடல்தான். பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் ஷவாந்தே பழங்குடி மக்களின் ஊருக்கே போய், அவர்களோடு தங்கி, அவர்கள் பாடுவதோடு சேர்ந்து வாசித்து அங்கேயே பதிவு செய்தது. எங்கிருந்தோ ஒரு துண்டு ஒலியை வெட்டி ஒட்டி 'டிரைபல்' என்று பெயர் வைப்பவர்கள் நிறைய பேர். இவர்கள் அந்த மக்களின் குரலை அவர்கள் பெயரோடு ஆல்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்த மரியாதைக்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

அதே ஆண்டுக் கடைசியில் மாக்ஸ் குழுவை விட்டுப் போனது இன்றைக்கும் வலிக்கிறது. அவர் பிறகு ஆரம்பித்த சோல்ஃபிளை என்ற குழுவில் இந்தத் தாளங்கள் தொடர்ந்தன, 1998-இல் வந்த முதல் ஆல்பத்தையும் கேளுங்கள். ஆனால் முதலில் 'ரூட்ஸ்', சத்தமாக.