முனைவர் பட்டத்துக்கும் விரிவுரையாளர் நாற்காலிக்கும் இடையில்

பினாங்கின் நிபோங் தெபாலில் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டினால் யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம், 2001 முதல் இங்கேதான். வாசலில் பல்கலைக்கழகம் இருந்தும், உள்ளே வேலைக்குப் போகும் வழி நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை.

ஆய்வேட்டைக் கடைசி ஆண்டில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அத்தியாயம் ஒவ்வொன்றையும் ஒரு கட்டுரையாக்கி ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழுக்கு அனுப்புங்கள். மதிப்பீட்டாளர் பதிலுக்கே பல மாதம் ஓடிவிடும். வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) பெரும்பாலும் அடி வாங்குவது முடிவுகள் அல்ல. 'ஏன் இந்த முறை, ஏன் இத்தனை மாதிரிகள்?' என்ற கேள்விதான். கருவியின் அளவுத்திருத்தப் பதிவு கையில் இல்லையென்றால் திணறல்தான்.

அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மலாய்மொழியில் கிரெடிட் தேர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முனைவர் பட்டம் இருந்தாலும் இதில் விலக்கு எதிர்பார்க்க வேண்டாம். மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவதையும் முன்பே முடித்துவிடுங்கள்.

வேலை கிடைத்தபின் பலர் தடுமாறுவது பாடத்திட்டத்தில். பாடத்தின் அளவைச் சொல்லும் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல். 3 கிரெடிட் பாடத்துக்கு 120. விரிவுரை, டுட்டோரியல், ஆய்வகம், சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விரிவுரை நேரத்தை மட்டும் கணக்கிட்டு அசைன்மென்ட்டை அள்ளிக் கொட்டினால் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு தேர்வுக் கேள்வியும் எந்தக் கற்றல் விளைவை (பாடம் முடிந்ததும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதை) சோதிக்கிறது என்று அன்றே குறித்து வையுங்கள். அங்கீகாரக் குழு வரும்போது தேடினால் கிடைக்காது.